இடிப்புக் கூலி

கொட்டேஷன் ஒரே தாள்.
காற்றாடிக்குப் பறக்காதிருக்க
ஆ லெங் அதன்மேல் தன் கோப்பிக் குவளையை வைத்தார்.
ஈர வட்டத்தைச் சுற்றி வாசித்தேன்:

தடுப்புச் சுவர், பத்தடிக்கு எட்டு, எழுநூற்று ஐம்பது வெள்ளி.
குளியலறை ஓடு பெயர்க்க ஆயிரத்து இருநூறு.
ஓட்டின்மேல் ஓடு ஒட்டியிருந்தால்
அடியில் இருப்பதற்குத் தனிக் கூலி.
இடிபாட்டை மூட்டைகட்டி லாரியேற்ற அறுநூறு.
மின்தூக்கிக்குள் பலகை அடிக்க எண்பது.

"கட்ட நானூற்று ஐம்பதுதானே ஆச்சு?"
தனபாலன் பழைய ரசீதைத் தேடிக் கொண்டுவந்தார்,
அதைக் காட்டினால் இரக்கம் வரும் என்பதுபோல.
ஆ லெங் மலாயும் ஆங்கிலமும் பிசைந்து சொன்னார்:
கட்டினால் குப்பை வராது.
இடித்தால் வரும்.
நீங்கள் காசு தருவது குப்பைக்கு.

இரண்டாயிரத்து ஒன்பதில்
கப்பல் பட்டறை இவரை வீட்டுக்கு அனுப்பியது.
சன்னல் உள்ள அறையை வாடகைக்கு விட்டோம்.
கூடத்தைப் பிளந்து சுவரெழுப்பி
அதன் பின்னால் மூவரும் படுத்தோம்,
காலை நீட்டினால் சுவர், கையை நீட்டினால் அலமாரி.
முதலில் மெர்லிண்டா, பல் மருத்துவரிடம் வேலை.
பிறகு ஒரு ஜொகூர்ப் பையன். பெயர் மறந்துவிட்டது,
அவனுடைய அலாரம் மறக்கவில்லை, நாலே கால்.
பிறகு நெல்லூர்த் தம்பதி, எட்டு மாதம்.
எல்லோரும் எங்கள் சுவரை உரசிக்கொண்டுதான்
சமையலறைக்குப் போக வேண்டும்.

ஆகவே மெல்லப் பேசினோம்.
சண்டையைக்கூட உதட்டால் போட்டோம்.
ஒருமுறை "நீங்கள்லாம் மனுஷனா" என்று கேட்டேன்.
இவர் காதில் விழவில்லை.
திரும்பச் சொல்வதற்குள் கோபம் ஆறிவிட்டது.
அதில் கொஞ்சம் லாபம் இருந்தது என்றே வையுங்கள்.
எங்கள் பிள்ளை அழுது கேட்டதே இல்லை என்பார்கள் புளோக்கில்.
அது எந்தக் கணக்கில் வரும், தெரியவில்லை.

போன மார்ச்சில் வீட்டுக் கடன் தீர்ந்தது.
வீவக பர்மிட் கதவில் ஒட்டியாயிற்று.
மேல்மாடி, கீழ்மாடி, எங்கள் மாடி,
கதவு கதவாக பிஸ்கட் பொட்டலம் கொடுத்து
சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டோம்.
இருபத்தேழு பொட்டலம். கொட்டேஷனில் இல்லை.
"இத்தனை வருஷத்தில் இப்பதான்
உங்க வீட்டுச் சத்தம் கேட்கப் போறேன்"
என்று சிரித்தார் கீழ்வீட்டு சல்மா.

ஒன்பது மணி அடித்ததும் இருவர் வந்தார்கள்.
அறந்தாங்கி செபஸ்தியான்
விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தான்,
பூசணிக்காய் வாங்குகிறவன்போல.
"பொக்குக் கல்லுக்கா. முக்கா மணி நேரம்."

முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தூசி அடங்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.
நாற்பத்தொரு சாக்கு.
ரஃபிக்குல் அவற்றைக் கட்டிக் கட்டி வாசலுக்கு இழுத்தான்.
நான் கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே
மேசையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான் செபஸ்தியான்.
"இந்தச் சுவருக்கு எழுநூத்தம்பதா?"
கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.
"எங்களுக்கு நாள் கூலிதாங்க்கா."
பிறகு குனிந்து அடுத்த சாக்கைத் தூக்கினான்.

சுவர் நின்ற இடத்தில்
நாலு விரல் அகலத்துக்குச் சிமெண்டு, வடு மாதிரி.
அந்த டைல்ஸ் இப்போது வருவதில்லையாம்.
முழுத் தரையும் மாற்றினால் நாலாயிரத்துச் சொச்சம் என்றார் ஆ லெங்.
யோசித்துச் சொல்கிறோம் என்றோம்.
அவர் காதைச் சாய்த்து "ஹா?" என்றார்.
இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

இரவு.
மகன் தேசிய சேவை முகாமில்.
கூடம் முழுக்க எங்களுடையது,
பேச்சு கொஞ்சம் எதிரொலிக்கிறது.
இரண்டு குவளைக் கோப்பியோடு
சமையலறையிலிருந்து வந்த தனபாலன்
நேரே வரவில்லை.
கதவு இருந்த மூலைவரை போய்,
அங்கே ஒருபக்கமாய்த் திரும்பி,
சிமெண்டு வரியைத் தாண்டி வந்தார்.

"நேராவே வரலாமே" என்றேன்.

காதில் விழவில்லை.